அருளுக்கு வந்த போன்

11 பிப்ரவரி 1995, சனி

காலையில் பனி. மைதானம் முழுக்க ஈரம். செமி ஃபைனல், 2–0. இந்த சீசனில் பதின்மூன்று ஆட்டம். பதினொன்று வெற்றி, இரண்டு டிரா. தோல்வி இல்லை. நம் கல்லூரி டீம் எதுவும் இப்படி ஆடியதில்லை என்றார் பி.டி. சார். கேப்டன் நான். ஆனால் காரணம் அருள். இன்றும் கோலில் நின்று ஒரு பெனால்டியைத் தடுத்தான்.

மெஸ்ஸில் சாப்பிடும்போது சொன்னான்: “ஃபைனலுக்கு அம்மாவைக் கூட்டியாரலாம்னு பாத்தேன்டா. தேங்காய்க் களத்துல லீவு தர மாட்டீங்கறாங்களாம்.”

உடுமலையில் தேங்காய் உரிக்கப் போகிறவர் அவன் அம்மா. அப்பா இல்லை. ஒரு அக்கா. மூன்று வருசமாக நானும் அவனும் ஒரே ரூம்.

14, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியவை: எலுமிச்சை, குளுக்கோஸ், கட்டுத்துணி, ஊசி நூல் (ஜெர்சி தோளில் கிழிசல்).

கருமத்தம்பட்டியிலிருந்து என் அப்பா வந்தார், தறியை நிறுத்திவிட்டு. முறுக்குப் பொட்டலம். “செயிச்சுப்போட்டு வா கண்ணு.” பாதி முறுக்கை அருளே தின்றுவிட்டான்.

15, புதன்

ஃபைனல். 0–1.

அதற்கு முன் இதை எழுத வேண்டும். காலை பதினொரு மணி, வார்டன் ரூமில் போன். அவர் இல்லை. எடுத்தது நான். உடுமலையில் அருளின் பக்கத்து வீட்டுக்காரர்.

“ஏனுங்க, அருளோட அம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க. ஆஸ்பத்திரில சேத்திருக்கறோம். பையனை உடனே பஸ் ஏத்தி உடுங்க.”

“சொல்லிப்போடறனுங்க” என்றேன்.

ஆட்டம் நாலு மணிக்கு. மாற்று கோல்கீப்பர் இந்த சீசனில் ஒருமுறைகூட இறங்காதவன். காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் சொல்லலாம். யாரிடமும் சொல்லவில்லை. சாரிடமும்.

முடிய இரண்டு நிமிடம். கார்னர். பந்து அருளின் விரலில் பட்டு உள்ளே. விசில்.

கோலிலிருந்து நேராக என்னிடம் வந்தான். “என்னாலதான்டா போச்சு. மன்னிச்சுக்கடா.” தேம்பித் தேம்பி அழுகிறான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “இப்பத்தான் போன் வந்துச்சு. அம்மாவுக்கு முடியலையாம்.”

இப்பத்தான் என்றேன்.

ஜெர்சியோடு பஸ் ஏறினான்.

16, வியாழன்

அருளின் அம்மாவுக்கு நேற்று ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. நாங்கள் மைதானத்தில் இருந்தபோதே. அவன் போய்ச் சேரும்போது அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

டீம் முழுக்கப் போனோம். அருள் நேற்றைய ஷார்ட்ஸிலேயே. முழங்காலில் மைதானத்து மண் காய்ந்து. யாரையும் பார்க்கவில்லை.

அவன் அக்கா என்னிடம்: “அம்மா மத்தியானம் பூரா நெனப்போடதான் இருந்துச்சுங்க தம்பி. அருளு வந்துட்டானா, அருளு வந்துட்டானான்னு கதவையே பாத்துட்டு. போன் அங்க லேட்டாத்தான் கெடச்சுதுங்களா?”

“ஆமாங்க்கா.”

இரண்டாவது பொய்.

18, சனி

நோட்டீஸ் போர்டில் எங்கள் ஃபோட்டோ. ரன்னர்-அப். “ஒரே ஒரு தோல்விதானப்பா. அடுத்த வருசம் பசங்க பாத்துக்குவாங்க” என்றார் சார். மெடல் கழுத்தில் போட வந்தார். கையில் வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் போர்வை கலைந்தது கலைந்தபடி. மடித்து வைக்கக் கை போகவில்லை.

27, திங்கள்

மேகமூட்டம். அருள் வந்தான், மொட்டைத் தலையோடு. ஹாஸ்டலைக் காலி செய்ய. வீட்டில் அக்கா தனியாக. மீதி நாளுக்கு உடுமலையிலிருந்தே வந்து போவானாம்.

துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொல்லிவிட்டேன். போன் வந்த நேரம், எடுத்தது நான் என்பது, அக்காவிடம் சொன்னது, எல்லாம்.

“பதினோரு மணிக்கா?”

“ஆமா.”

“அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?”

“கட்டில்ல உக்காந்து பூட்ஸுக்கு லேஸ் மாத்திட்டிருந்தே.”

கட்டிலைப் பார்த்தான். அடி விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் தேவலை. மீதிச் சட்டைகளையும் மடித்து வைத்தான். பெட்டியைப் பூட்டினான். தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவன் நின்றான்.

“சரிங்க. நான் வாரனுங்க.”

என்னிடம்தான் சொன்னான்.