நாற்பத்திரண்டாம் பக்கத்து மத்யமம்

ஜூலை 18, வியாழன்

அம்மா வேலை பார்க்கும் இசைக் கல்லூரியின் முதல்வர் இன்று புத்தகம் வெளியிட்டார். அதிலுள்ள ஸ்வரக் குறிப்புகள் எல்லாம் அம்மா ஆறு வருடம் உட்கார்ந்து எழுதியவை. அட்டையில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, என் தலையைத் தட்டி, "பாகா சதுவுகோ பாப்பா" என்றார் தெலுங்கில். நன்றாகப் படிக்க வேண்டுமாம்.

எங்கள் தார்நாகா ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் அம்மா வாய் திறந்தாள். "விடுடி. என் வேலை அவர் கையில இருக்கு."

நான் விடவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தில், மோகன ராக வர்ணத்தில் ஒரு 'ம' இருக்கிறது. மோகனத்தில் மத்யமம் என்ற அந்த ஸ்வரமே கிடையாது! அது என் தப்பு. நாலாம் வகுப்பில் அம்மாவுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தபோது தவறி எழுதியது. அம்மாவின் நோட்டில் சரியாகத்தான் இருக்கிறது. அவரிடம் போனது திருத்தாத பிரதி. பெரிய வித்வான் ஒரு தடவைகூடப் பாடிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எங்கள் பள்ளி விழாவுக்கு அவர்தான் தலைமை. பாடப்போவது நான். "ஐயா புத்தகத்தில் உள்ளபடியே பாடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த வரியைப் பாடுவேன். முன்வரிசை முழுக்க மியூசிக் டீச்சர்கள் இருப்பார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழகினேன். தொண்டை அந்த 'ம'வுக்குப் போக மறுக்கிறது. நாலாவது தடவை சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மோகனத்துல மத்யமம் எங்கேடி வந்துது?"

"நாற்பத்திரண்டாம் பக்கத்துலம்மா."

பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்:

"பாடறதுன்னா அழுத்திப் பாடு. முழுங்காதே."