கெட் ஆன்: மூன்றாவது அர்த்தம்

மார்ச் 4, செவ்வாய்

மாலை ஆங்கில வகுப்பில் இன்னும் ஒரு வாரத்துக்கு 'கெட் ஆன்' மட்டும்தானாம். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாதுவான வார்த்தைகள். சேர்ந்துவிட்டால் பஸ்ஸில் ஏறுகின்றன, விட்ட வேலையைத் தொடர்கின்றன, மனிதர்களோடு ஒத்துப்போகின்றன, வயதும் ஆகிவிடுகிறது. டீச்சரின் சட்டம்: "நடந்ததை மட்டும்தான் எழுதணும். கதை விட்டா மார்க் கிடையாது."

இன்று பஸ்ஸில் ஏறினேன். எழுதிவிட்டேன்.

மார்ச் 5

கண்ணாடிக் கடையில் ஒரு ஃப்ரேமுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து ஊர்க்கதை பேசினார். அவர் போனதும் வேலையைத் தொடர்ந்தேன். இரண்டாவதும் முடிந்தது.

மார்ச் 6

மூன்றாவது, ஒத்துப்போவது. யாரோடு? முதலாளியோடு இல்லை. மாடி வீட்டுக்காரியோடு இல்லை. என் மிக்ஸியோடுகூட இல்லை. கடைசியில் 'ஐ கெட் ஆன் வெல் வித் மை சிஸ்டர்', அதாவது அக்காவோடு எனக்கு நன்றாக ஒத்துப்போகிறது என்று எழுதி, எழுந்து நின்று வாசித்தேன். டீச்சர் "வெரி குட்" என்றார்.

கூசவில்லையா எனக்கு? அம்மா தவறிப்போன மறுமாதமே அக்கா அம்மா வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டாள். போய் நின்று புதுப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன் — ரெண்டு வருஷமா பேச்சே இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானும் அந்த வீட்டுல பொறந்தவதானே?

மார்ச் 8

வகுப்பில் பக்கத்து பெஞ்ச் லாரி டிரைவர் பேன்ட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுப்பது அக்காவின் தையல் கடையிலாம். இன்று போயிருக்கிறார். என் ஜாடை தெரிகிறதே என்று விசாரித்திருக்கிறார். பிறகு எங்கள் ஒற்றுமையைப் பாராட்டியும் இருக்கிறார்.

சாயங்காலம் போன் வந்தது. "நமக்கு ரொம்ப நல்லா ஒத்துப்போகுதாமே," என்றாள் அக்கா. "எனக்கு யாரும் சொல்லவே இல்ல."

"அது வீட்டுப்பாடம்," என்றேன்.

"சரி. நாளைக்கு அம்மா வீட்டுக்கு வா."

மார்ச் 9, ஞாயிறு

போனேன். வாசலிலேயே கேட்டுவிட்டேன். "பூட்டை ஏன் மாத்தின?"

"பழசு துருப்பிடிச்சு, சாவி உள்ளயே ஒடிஞ்சுபோச்சு."

கதவுக்குப் பின்னால் ஆணியைக் காட்டினாள். ஒரு சாவி தொங்கியது. அதில் கட்டியிருந்த துணித்துண்டில் 'சின்னவள்' என்று எழுதியிருந்தது.

"அப்பவே உனக்கும் ஒண்ணு செஞ்சு வெச்சுட்டேன். நீ வந்து கேப்பேன்னு பார்த்தேன்."

"நீ கொண்டுவந்து குடுக்க வேண்டியதுதானே?"

"சின்னவ நீதான் வரணும்."

அழுகை வந்தது. எரிச்சலும் வந்தது. பேசித் தீர்க்க உட்கார்ந்து மேலும் இரண்டு விஷயத்துக்குச் சண்டை போட்டோம். சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 11

நான்காவது அர்த்தம், வயதாவது. அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை, நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

வகுப்புக்கு முன் தையல் கடைக்குப் போய், நோட்டில் அவளைப் பற்றி எழுதிய வரியைக் காட்டினேன். அக்கா எழுத்துக்கூட்டி வாசித்தாள். துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து 'வெல்' என்பதை மட்டும் அடித்தாள்.

"இது அதிகம்," என்றாள். "ரெண்டு மாசம் பார்த்துட்டுச் சேர்த்துக்கலாம்."