ஏர்போர்ட்டிலிருந்து நீ சொன்ன வழி

பங்காருபாளையம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் எழிலரசனுக்கு அம்மா இந்திராணி எழுதுவது. ரேணிகுண்டாவில் விமானம் இறங்கி நல்லபடியாக நம் மாங்காய் மண்டிக்கு வந்து சேர்ந்தேன். நீயும் மருமகள் ரூபாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் ஐதராபாத். அது ஊரா? விமானம் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அங்கிருந்து உன் வீட்டுக்கு மூன்றரை மணி நேரம்! ஏர்போர்ட் பஸ், பிறகு மெட்ரோ, பிறகு டவுன் பஸ். மாங்காய்க் கூடை தலையில் சுமந்து வியாபாரம் தொடங்கியவள் நான். அன்றுகூட இத்தனை படி ஏறியதில்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆதார் காட்டினால் போதும் என்றார்கள். ஆதாரை நீட்டினால், இது ஆந்திராது, இங்க செல்லாது பெத்தம்மா என்கிறான் கண்டக்டர். அதோடு விட்டானா? படத்தையும் என் மொட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இது நீதானா என்று வேறு கேட்டான். முடிதான் ஏழுமலையான்கிட்ட இருக்குது, மூஞ்சி என்கிட்டதான் இருக்குது என்றேன். பஸ்ஸே சிரித்தது.

மொட்டை எதற்கு என்று உனக்குத் தெரியும். பிரமோஷன் வந்துவிட்டது என்றாய். வேண்டிக்கொண்டபடி திருமலையில் முடியைக் கொடுத்துவிட்டு, மறுநாளே பழப் பெட்டியோடு விமானம் ஏறினேன்.

எழிலு, பிரமோஷன் எங்கேடா?

மாங்காயை அறுக்காமலே உள்ளே வண்டு இருக்கிறதா என்று சொல்கிறவள் நான். என்னிடமா? மூன்று வருஷமாகக் காரைவிட்டுக் காலைக் கீழே வைக்காதவன், போனில் என்ன சொன்னாய்? 'மா, மெட்ரோ பாலத்துல எட்டாவது தூணாண்ட நில்லு. பெட்டிய தூக்கினு எதிர்ப்பக்கம் வராத, அங்க வெயிலு. பஸ் லேட்டானா பெட்ரோல் பங்குல பாத்ரூம் இருக்குது, கேட்டா சாவி தருவான்.' ஏசியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவனுக்கு எந்தப் பங்கில் சாவி தருவான் என்று எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்தால், கார் சர்வீசுக்குப் போயிருக்கிறதாம். உன் முகம் கறுத்துக் கிடக்கிறது, கையுறை போட்ட இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் இரண்டு ஹெல்மெட். ரூபாவுக்கு பைக் என்றாலே தலை சுற்றும், இரண்டாவது யாருக்கு? நான் இருந்த மூன்று நாளும் இஸ்திரி போட்ட சட்டையில் ஆபீசுக்குக் கிளம்பினாய். அந்தப் பெண் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. அவள் எதிரில் உன்னைக் கேட்கக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வேலை போனதில் எனக்குக் கோபம் இல்லை. சரக்கு அழுகாத மண்டி உண்டா? பைக்கில் ஆள் ஏற்றி இறக்கினால் கேவலமா? முகம் தெரியாதவர்களை எல்லாம் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறாய், பெற்றவளை மட்டும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்க விட்டாயே, அதற்குத்தான் எரிச்சல்.

இல்லாத பிரமோஷனுக்கு முடி கொடுத்தோமே என்று ஒரு நாள் முழுக்க உறுத்தியது. பிறகு சாமியிடமே சொல்லிவிட்டேன்: அட்வான்ஸ் கொடுத்ததாக வைத்துக்கொள், சரக்கைச் சீக்கிரம் அனுப்பு.

ஆவணியில் மறுபடியும் வருவேன். பஸ் நம்பர், தூண் நம்பர் எதுவும் சொல்லாதே. பைக்கை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட் வாசலுக்கே வா. நான் பின்னால் உட்காருகிறேன். சொல்ல வேண்டியதை எல்லாம் வழியில் சொல். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம், என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

வெயிலில் முழுக்கைச் சட்டை போடு. வேளைக்குச் சாப்பிடு. மழையில் மெதுவாக ஓட்டு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
இந்திராணி