நேராக நிற்பது

கண்ணா,

"உங்கம்மா என்னைப் பிடிச்சுத் தள்ளுறா" என்று அப்பா உன்னிடம் போனில் அழுதாராமே. நிஜம்தான், தள்ளுகிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து, இடப்பக்கம் சாய்ந்து நின்றால்தான் அவருக்கு நேராக நிற்பதுபோல இருக்கிறது. நிமிர்த்தினால் விழப்போகிறோம் என்று பயந்து, "கொல்லப் பாக்குறியாடி?" என்று அலறுகிறார். தெருவே எட்டிப் பார்க்கிறது.

இன்று பிசியோதெரபி பெண் எதிரே பெரிய கண்ணாடி வைத்தாள்.

"யாரு அவன், கோணலா நிக்கிறான்?" என்றார் அப்பா.

அவள் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவருக்கு முட்டுக்கொடுத்தே நீங்களும் சாஞ்சுட்டீங்கம்மா, பாருங்க."

பார்த்தேன். எனக்கு நேராக நிற்பதுபோலத்தான் இருந்தது.

உனக்கு லீவு கிடைக்காது, தெரியும். இருந்தாலும், அப்பாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும்டா.

அம்மா