குசினிக்குள் வந்த விருந்தாளி

அம்மா,

இன்று காலை பக்கத்து வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்ததில் நெடி மூக்கில் ஏறி, நானும் பிள்ளைகளும் மாறி மாறித் தும்மினோம். மகன் ஓடிப்போய் யன்னலைச் சாத்தப் பார்த்தான். விடடா என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வடிய நான் நின்று சிரித்தேன். அம்மாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று அவன் நினைத்திருப்பான். லீனா வந்த நாட்களில், அவளுக்கு உறைக்கும் என்று நீங்கள் மிளகாய்த்தூள் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது ஞாபகம் வந்தது எனக்கு.

அவள் ஜேர்மனியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தவள். ஒரு தவணை கிளிநொச்சியில் படிக்க வந்தாள். வயல் செய்கிற குடும்பம் ஒன்றோடு தங்கிப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு வீடு பார்க்க அவளுடைய விரிவுரையாளர் எங்கள் ஜெயபுரத்துக்கு வந்தபோது மாதர் சங்கத்தில் ஒரே சிரிப்பு. எங்கட பிள்ளையள் அங்க போறதுக்குத் தலைகீழாய் நிக்குதுகள், இவளுக்கு இஞ்ச என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. சங்கத் தலைவி அன்ரி தன் வீடுதான் தோது என்றா. மாபிள் பதித்த நிலம், அறைக்குள்ளேயே குளியலறை. அவ சொன்னால் மறுத்துப் பேச அங்கே யாருக்கு வாய் இருந்தது? நீங்கள்தான் கையைத் தூக்கினீர்கள்.

"எங்க வீட்டுல தங்கட்டும். நாங்க வயல் செய்றோம். அந்தப் புள்ள அதப் பாக்கத்தானே வருது?"

"உங்கட வீட்டிலயோ?" என்று அன்ரி இழுத்தா. அந்த இழுவைக்கு என்ன கருத்து என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். உங்கள் அப்பாவும் அம்மாவும் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்துக்குத் தப்பி, ஒரு துணி மூட்டையோடு உங்களையும் இழுத்துக்கொண்டு வன்னிக்கு வந்தவர்கள். காடு வெட்டி, வயலாக்கி, எல்லாவற்றையும் இழந்து, திரும்பவும் வயலாக்கிய பிறகும் சிலருக்கு நாங்கள் மலைநாட்டார்தான். விரிவுரையாளர் எங்கள் வீட்டைத்தான் எழுதிக்கொண்டு போனார். இரண்டு நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வருவாள், பாருங்கோ என்று அன்ரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. அந்தப் பெண் எங்கள் வீட்டில் தங்க வேண்டும், தவணை முடியும் வரை தங்க வேண்டும். அதுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது.

பிறகு வீடு பட்ட பாடு! சுவருக்குச் சுண்ணாம்பு. அப்பா தன் கட்டிலைக் கழுவி அவளுடைய அறைக்குள் தூக்கிப் போட்டுவிட்டு நிலத்தில் படுத்தார். மேசைக்குப் பூப்போட்ட விரிப்பு, அவள் சாப்பிடவென்று புதுப் பீங்கான் கோப்பை, கரண்டி, முள்ளு. அந்தக் கோப்பையில் வேறு எவரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. பரீட்சை முடிவுக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு, அந்த மேசையைத் துடைப்பதே தொழிலாகிவிட்டது.

லீனா வந்தாள். வெயிலில் சிவந்த முகம், முதுகில் ஆளை விடப் பெரிய பை, வாயில் புத்தகத் தமிழ். வணக்கம், உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று அவள் சொல்ல, அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் சாரத்தை மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டார். விறாந்தையில் கதிரை போட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி, பாணும் அவித்த முட்டையும் உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கும் வைத்தீர்கள். கதவு நிலையில் சாய்ந்து நின்று அவள் வாயையே பார்த்தீர்கள். அவள் நிமிர்ந்தால், சாப்பிடு புள்ள என்பீர்கள். அவள் கை கழுவி அறைக்குள் போன பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. நீங்கள் போட, நாங்கள் குசினி நிலத்தில் வட்டமாக இருந்து, உறைப்பான கட்டச்சம்பலும் சோறும் குழைத்து அடித்துவிட்டு, அப்பாவின் பகிடிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

ஒருநாள் அவள் தன் கோப்பையைக் கழுவப் போனாள். விருந்தாளி கோப்பை கழுவுவதா என்று பறித்துவிட்டீர்கள். குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். புகை அடிக்கும் என்று கையைப் பிடித்துத் திரும்பவும் கதிரையில் கொண்டுபோய் இருத்தினீர்கள். எங்கள் ஊரில் மரியாதை என்றால் அப்படித்தானே? வந்தவர் முதலில் சாப்பிட வேண்டும், தனியாக, நிறைவாக. வீட்டுக்காரர் பிறகு. அதில் பிழை இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அவள் நாளுக்கு நாள் குறைவாகச் சாப்பிட்டாள். முட்டை அப்படியே திரும்பி வந்தது. உங்களுக்கு நித்திரை இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தீர்கள். பிறகு ஒரு காலை அவளுடைய பை கட்டி முடித்தபடி வாசலில் இருந்தது. வேறு இடத்தில் தங்கலாம் என்று நினைப்பதாகவும், மிகவும் நன்றி என்றும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அன்ரியின் கருநாக்குப் பலித்துவிட்டது. நீங்கள் அவளுக்கு முன்னால் போய் நின்று, என்ன குறை என்று கேட்டீர்கள்.

"நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?" என்றாள் லீனா. "நீங்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்கள், சிரிக்கிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் தனிக் கோப்பை?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உமக்காக ஒரு மனுசி அடுப்படியில் வெந்து சாகிறா என்று தொடங்கினேன். நீங்கள் கையைக் காட்டி என் வாயை அடைத்துவிட்டு, படியில் பொத்தென்று இருந்தீர்கள். பிறகு அவளை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னீர்கள். வன்னிக்கு வந்த புதிதில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போன வீட்டில், உங்களுக்கென்று ஒரு தகரப் பேணி வேலிக் கதியாலில் கொழுவியிருந்ததாம். தேத்தண்ணியை எட்ட நின்று அதற்குள் ஊற்றுவார்களாம். குடித்துவிட்டு, நீங்களே கழுவி, திரும்பவும் அங்கேயே கொழுவ வேண்டுமாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே சிரித்துச் சாப்பிடுகிற சத்தம் வேலி வரைக்கும் கேட்குமாம்.

"அது எப்புடி வலிக்கும்னு எனக்குத் தெரியும் புள்ள. நான் மரியாதன்னு நெனச்சுத்தான் ஒன்னத் தனியா வச்சேன். வா உள்ள."

புகையடித்த அந்தக் குசினிக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய், எங்களுடைய அலுமினியக் கோப்பை ஒன்றில் சோறு போட்டீர்கள். அலுமாரியைத் திறந்து மிளகாய்த்தூளை எடுத்தீர்கள். குளத்து விரால் குழம்பு, பருப்பு, சம்பல். எங்கள் எல்லோருக்கும் போட்டு முடித்து, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற நீங்கள், அன்று முதல் ஆளாக அவள் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்தீர்கள். நீங்கள் எங்களோடு சேர்ந்து சாப்பிட்டதை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன், அம்மா. லீனாவுக்கு மூக்கால் வடிகிறது, விக்கல் வேறு. போதும் என்றால் கேட்கிறாள் இல்லை. அப்பா வாசலுக்குப் போய் அவளுடைய பையைத் தூக்கி அறைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

அந்தக் கிழமையே அன்ரி வந்தா. பெட்டி கட்டியாச்சோ என்று பார்க்கத்தான் வந்திருப்பா, வேறென்ன? நாங்கள் குசினிக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. லீனா நடுவில், கைவிரல் எல்லாம் குழம்பு. வாசலில் நின்ற அன்ரியை நீங்கள் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். எங்கள் வீட்டில் அவ ஒரு மிடறு தண்ணீரும் குடித்ததில்லை. எப்போதும் போல, இப்பதான் சாப்பிட்டனான் என்றா. அந்தச் சொல்லைக் கேட்டால் நீங்கள் வழமையாகப் பதறி எழும்பி, கை கழுவி, அவ போகும் வரை கைகட்டி நிற்பீர்கள். அப்பாவும் அரைவாசி எழும்பிவிட்டார்.

நீங்கள் எழும்பவில்லை.

"சரிங்க. அப்ப அந்தக் கதிரையில உட்காருங்க, நாங்க சாப்பிட்டு முடிச்சிட்டு வர்றோம்," என்றீர்கள். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. அடுத்த கவளத்தைக் குழைத்து வாயில் வைத்தீர்கள். என் அம்மா! பள்ளிக்கூடத்தில் எத்தனை மேடை பார்த்திருக்கிறேன், எத்தனை பெரியவர்களுக்கு மாலை போட்டிருக்கிறேன். அந்தக் குசினி நிலத்தில் சோற்றுக் கையோடு இருந்த உங்களைப் போல நிமிர்ந்த ஒருவரை நான் கண்டதில்லை.

லீனா தவணை முடியும் வரை இருந்தாள். நாற்று நட்டாள், அட்டைக்கு அலறினாள், உங்களோடு போட்டி போட்டுச் சம்பல் அரைத்தாள். போகும்போது எங்களைப் போலவே போட்டு வாறன் என்று சரியாகச் சொன்னாள். நீங்கள் எங்களை விட்டுப் போன செய்தியைச் சொல்ல நான் அழைத்தபோது, தொலைபேசியில் அவள் அழுத அழுகைக்கு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சனம் கலைந்த பிறகு, அன்ரி தனியாக வந்தா. நல்லாய்த் தளர்ந்துவிட்டா, கையில் பொல்லு. உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றா. பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, ஒரு தேத்தண்ணி தாவன்," என்றா.

அம்மா இருக்கேக்க கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நாங்கள் குடிக்கிற கிளாசிலேயே ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, உங்களைப் போல நானும் கைகட்டி நிற்பேன் என்று நினைத்தாவோ என்னவோ, என்னை நிமிர்ந்து பார்த்தா.

எனக்கும் ஒன்று ஊற்றி எடுத்துக்கொண்டு, கதிரையை இழுத்துப் போட்டு, அவவுக்கு நேர் முன்னால் இருந்து குடித்தேன், அம்மா.