இன்னொரு லைன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்தால் அப்பா இப்போதெல்லாம் அதன் விளக்கைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறார். கண்ணாடி மாற்றச் சொன்னால், "போடி, எனக்கு இருட்டுலயே வேலை தெரியும்" என்கிறார்.

என்னை உன்னோடு வந்து இருக்கச் சொல்லி எழுதியிருந்தாய். இந்த வாரம் ஒரு பழைய வீட்டுக்கு முழுசாகப் புது ஒயரிங், அதனால் பதில் எழுத முடியவில்லை.

அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "பொண்ணுக்கு வாயே இல்லையா?" என்றார். "எல்லாம் இருக்கும்மா, சப்ளைதான் வரல" என்றார் அப்பா. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மெயினை நிறுத்திவிட்டு அப்பா ஏணியில் ஏறினார். அந்த வீட்டுக்கு இன்னொரு கரண்ட் லைனும் வருவது எங்களுக்குத் தெரியாது. டெஸ்டரை வைத்துவிட்டு வழக்கம்போல் என்னைப் பார்த்தார். யாரோ உள்ளே வந்ததால் நான் கூச்சத்தில் தலையைக் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது டெஸ்டர் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அப்பாவின் மறு கை ஒயரைப் பிடிக்கப் போனது.

"அப்பா, எரியுது!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்பா கையை இழுத்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நீங்க இறங்குங்கப்பா" என்று சொல்லி, அந்த லைனையும் நிறுத்திவிட்டு நான் ஏறினேன்.

அன்புடன்,
உன் தங்கை