அக்கா பிடுங்கிய களை

இடுப்பில் என்னைச் சுமந்து திரிந்த அக்காவுக்கு,

முதுகுளத்தூர்ப் பக்கம் இந்த ஐப்பசியில் நல்ல மழை. உன் மகள் பரமக்குடிக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வருகிறாள். உன்னைப் போலவே சாப்பிடாமல் ஓடுகிறாள். ஆடுகள் சுகம்.

உன்னிடம் ஒன்று சொல்லாமலே விட்டுவிட்டேன். என் ஆராய்ச்சிக்காக உன் வீட்டுக்குப் பின்னால் மண் தொட்டிகள் வைத்திருந்தேனே, பாதியில் நம்மூர் முள்மரமான உடைமரம் நிற்கும் காட்டு மண், பாதியில் சீமைக்கருவைக்கு அடியில் அள்ளிய மண். மண்ணுக்குள் கிடக்கும் விதைகளில் எத்தனை வகை மிச்சம் என்று முளைக்கவிட்டுப் பார்ப்பதற்கு. தண்ணீர் தெளி என்று மட்டும் சொன்னேன், எதற்கென்று சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்தால் எல்லாத் தொட்டியும் மொட்டை.

"களை மண்டிக் கெடந்துச்சு. சுத்தமாப் புடுங்கிட்டேன்" என்றாய் பெருமையாக. மிளகாய் வயலில் களையெடுத்தே பழகிய கை, சும்மா இருக்குமா? நானோ, "ஒனக்கு அறிவிருக்கா? அந்தக் களைதான் என் படிப்பு" என்று கத்தினேன்.

உன் முகம் சுண்டிப்போனது. "ஏலே, உடங்காட்டு மண்ணுல கை நெறய விதவிதமா வந்துச்சு. கருவ மண்ணுல புடுங்க என்ன இருந்துச்சு? கருவக் கன்னுதான்" என்றாய். நான் காதில் வாங்காமல் கிளம்பிவிட்டேன். அந்த மாதமே நீ கண்ணை மூடிவிட்டாய்.

மறுபடி மண் அள்ளி, ஒரு மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு முளையாகப் பெயர் எழுதினேன். உடைமரக் காட்டு மண்ணில் துத்தி, கொழிஞ்சி, தும்பை என்று வந்துகொண்டே இருந்தன. கருவை மண்ணில் கருவையும் ஒன்றிரண்டு புல்லும். நீ சொன்னதேதான் அக்கா. படித்தவனான எனக்கு அதைப் புரிந்துகொள்ள இவ்வளவு நாள்.

ஊர்ப் பொதுநிலத்தில் கருவையை மெஷின் வைத்துத் தூரோடு எடுத்துவிட்டார்கள். "மழ பேஞ்சா பழைய செடியெல்லாம் தானா வந்துரும்" என்கிறார்கள். மண்ணுக்குள் விதை இருந்தால்தானே வரும்? வெளியிலிருந்து விதை கொண்டுவந்து தூவ வேண்டும் என்று நாளை ஊர்க்கூட்டத்தில் சொல்லப்போகிறேன்.

கத்தியது தப்பு அக்கா. மனத்தாங்கலோடுதான் போனாயா? யாரிடம் கேட்பேன்?

என் ஆய்வேட்டின் முதல் வரி, கருவை மண்ணைப் பற்றி நீ சொன்னது. நீ பேசியபடியே எழுதி, கீழே உன் பெயர் போடுவேன். பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டால் திரும்ப எழுதுவேன்.

வாய்த்துடுக்கு இன்னும் குறையாத
உன் தம்பி